கெயின் குமிழைத் தொடுவதற்கு முன்

காரில் ஆம்ப்ளிஃபயரும், பாஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபரும் பொருத்திய நண்பர்கள் பலர், பாஸ் தெளிவில்லாமல் கொழகொழவென்று கேட்கிறது என்றோ, சத்தம் போதவில்லை என்றோ குறைப்பட்டுக்கொண்டு, இன்னும் பெரிய வூஃபர் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. பணத்தை வெளியே எடுப்பதற்கு முன், ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் இருக்கும் மூன்று நான்கு குமிழ்களை முறையாக அமைத்துப் பாருங்கள் என்பதே எப்போதும் என் பதில்.

அவற்றில் கெயின்தான் முதன்மையானது. அதைச் சத்தம் கூட்டும் குமிழாகவே பெரும்பாலோர் கருதுகிறார்கள். உண்மையில், ஹெட் யூனிட்டிலிருந்து (டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ) ஆர்சிஏ வயர் (ஒலி சிக்னலைக் கொண்டுசெல்லும் வயர்) வழியே வரும் மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டைப் பொருத்திக்கொடுப்பதே அதன் வேலை. சில ஹெட் யூனிட்டுகள் 2 வோல்ட் தரும், சில 4 அல்லது 5 வோல்ட் தரும். எது வந்தாலும் ஆம்ப்ளிஃபயர் தன் முழுத் திறனை எட்டவேண்டும் என்பதற்காகவே 0.2 முதல் 6 வோல்ட் வரை என்பதுபோல் அகன்ற எல்லையை அந்தக் குமிழுக்குக் கொடுத்திருக்கிறார்கள். 4 வோல்ட் வரும் இடத்தில் அதை 0.2இல், அதாவது கெயினின் உச்சத்தில், கொண்டுபோய் வைத்தால், ஹெட் யூனிட்டில் சத்தத்தைச் சற்றுக் கூட்டியதுமே ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் மின்னழுத்தம் ஏற வழியில்லாததால் அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. முற்றிலும் வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட அலை, அதே உயரமுள்ள சைன் அலையைப் போல் இரு மடங்கு திறனைச் சுமக்கும். அந்தக் கூடுதல் திறன் இசையாக வெளிவருவதில்லை. பெரும்பகுதி, ஸ்பீக்கரை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலில் வெப்பமாகத்தான் இறங்குகிறது. வார்னிஷ் கருகும் வாடை டிக்கியிலிருந்து வருமானால், வூஃபரின் தரத்தைச் சந்தேகிப்பதற்கு முன் கெயினைச் சந்தேகிப்பதே முறை.

இதைக் காதால் மட்டும் அமைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். அண்மையில் என் சித்தப்பா மகனின் ஹேட்ச்பேக் காரில் இதைச் செய்தோம். அவனுடைய சப்வூஃபரில் 4 ஓம் வாய்ஸ் காயில்கள் இரண்டு; அவற்றை இணையாக இணைத்திருந்ததால் ஆம்ப்ளிஃபயருக்குத் தெரிவது 2 ஓம். அந்த 2 ஓமில் ஆம்ப்ளிஃபயரின் ஆர்எம்எஸ் திறன் (தொடர்ந்து தரக்கூடிய திறன்) 500 வாட். திறனையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வெளியீட்டில் வரவேண்டிய மின்னழுத்தம் கிடைக்கும். 500ஐ 2ஆல் பெருக்கினால் 1000, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 31.6 வோல்ட். ஹெட் யூனிட்டில் பாஸ், ட்ரெபிள், லவுட்னஸ், ஈக்வலைசர் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்து, ஆம்ப்ளிஃபயரின் பாஸ் பூஸ்ட்டை அணைத்து, ஃபில்டர்கள் 50 ஹெர்ட்ஸைத் தடுக்காதபடி தள்ளிவைத்து, சப்வூஃபர் வயர்களைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டோம். 0 டெசிபலில் (பதிவில் இடம்பெறக்கூடிய உச்ச அளவில்) பதிவான 50 ஹெர்ட்ஸ் சைன் அலையைப் பென்டிரைவிலிருந்து ஒலிக்கவிட்டு, சத்தத்தை 40இல் 30 வரை அவன் கூட்டினான். பொருத்திக்கொடுத்த கடையில் விட்டிருந்த நிலையிலேயே மீட்டர் 38 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கெயினை அடிமட்டத்துக்கு இறக்கி, சிறிய ஸ்க்ரூடிரைவரால் நூலளவு நூலளவாகத் திருப்பி 31.6ஐ நெருங்கியதும் நிறுத்தினேன். குமிழ் பாதி வட்டம்கூடச் சுற்றியிருக்கவில்லை.

பாட்டு எப்போதும் உச்சத்தில் ஒலிப்பதில்லை என்பதால் -5 டெசிபல் அலையை வைத்து அமைப்பவர்களும் உண்டு. இன்றைய பாடல்கள் பெரும்பாலும் உச்ச அளவை ஒட்டியே மாஸ்டரிங் செய்யப்படுவதால், நான் 0 டெசிபலையே விரும்புகிறேன். மேலும், இந்த முறை அலை வெட்டுப்படுவதை நேரடியாகக் காட்டாது. ஹெட் யூனிட்டே அலையை வெட்டி அனுப்பினால் அதைக் கண்டுபிடிக்க, அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்தான் வேண்டும்.

அடுத்தது, எந்த ஸ்பீக்கருக்கு எந்த அலைவெண்கள் போகவேண்டும் என்று பிரிக்கும் கிராஸ்ஓவர். சப்வூஃபருக்கு லோ பாஸ் ஃபில்டரை (தாழ்ந்த அலைவெண்களை மட்டும் கடக்கவிடுவது) 80 ஹெர்ட்ஸ் அளவில் வைப்பதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். கதவு ஸ்பீக்கர்களுக்கு ஹை பாஸ் ஃபில்டரை (உயர்ந்தவற்றை மட்டும் கடக்கவிடுவது) அதே அளவில் வைப்பது அதைவிடப் பெரிய மாற்றத்தைத் தரும் என்று நான் சொல்வேன். ஆறரை அங்குல ஸ்பீக்கர் 50 ஹெர்ட்ஸையும் ஒலிக்க முயலும்போது அதன் கோன் (ஒலியெழுப்பும் கூம்பு) முன்னும் பின்னும் அளவுக்கு மீறி ஆடி, அதே கோனிலிருந்து வரும் பாடகரின் குரலையும் கலைத்துவிடுகிறது. அந்தச் சுமையை இறக்கிவிட்டால் குரல் தெளிவதோடு, அதே ஸ்பீக்கரை இன்னும் சத்தமாகவும் ஒலிக்கவிடலாம். லோ பாஸை 120, 150 என்று ஏற்றினால் ஆண் குரலின் அடிப்பகுதி டிக்கியிலிருந்து வருவது போலக் கேட்கும். பாஸ் பின்னால் இருந்து வருகிறதே என்ற குறை பெரும்பாலும் இதனால் எழுவதுதான்.

துளையுள்ள பாக்ஸில் சப்வூஃபரை வைத்திருப்பவர்கள், மிகத் தாழ்ந்த அலைவெண்களைத் தடுக்கும் சப்சோனிக் ஃபில்டரை விட்டுவிடவே கூடாது. பாக்ஸ் டியூன் செய்யப்பட்ட அலைவெண்ணுக்குக் கீழே கோனைத் தாங்கிப்பிடிக்கும் காற்றழுத்தம் இல்லாமல் போவதால், அது தறிகெட்டு ஆடும். 35 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்த பாக்ஸுக்கு ஃபில்டரை 28 ஹெர்ட்ஸ் அளவில் வைக்கலாம். பாஸ் கிட்டாரின் தடித்த தந்தியே ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில்தான் ஒலிக்கிறது என்பதால் பாட்டில் எதையும் இழந்துவிடமாட்டோம்.

வயரிங் பற்றிச் சுருக்கமாக: பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்கவேண்டும், எர்த் வயர் குட்டையாக, பெயின்ட்டைச் சுரண்டிய வெறும் தகட்டில் இறுக்கமாக அமரவேண்டும், பவர் வயரும் ஆர்சிஏ வயரும் காரின் எதிரெதிர்ப் பக்கங்களில் ஓடவேண்டும். எஞ்சின் வேகத்தோடு ஏறியிறங்கும் கீச்சொலி கேட்டால் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

எல்லாம் முடிந்தபின், சப்வூஃபரின் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் ஸ்விட்சை 0, 180 என இரண்டிலும் மாற்றி, ஓட்டுநர் இருக்கையிலிருந்து பாஸ் கிட்டார் நன்றாகக் கேட்கும் ஒரு பாட்டைக் கேட்டுப் பார்த்து, எதில் பாஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதில் விடவேண்டும். டேஷ்போர்டில் தனியாகப் பாஸ் குமிழ் இருந்தால், கெயினை அளக்கும்போது அது முழுதும் திறந்திருக்கவேண்டும். அப்படி அமைத்துவிட்டால் பழைய பாடல்களுக்கு அதைத் தாராளமாகக் கூட்டலாம், புதியவற்றுக்குக் குறைத்துக்கொள்ளலாம். ஹெட் யூனிட்டின் சத்தம் அளந்தபோது வைத்த 30ஐத் தாண்டாதவரை, எவ்வளவு கூட்டினாலும் அந்த 31.6 வோல்ட்டைத் தாண்டாது.