11,250 வாட் பேய்: ஈபி மீட்டர் மினுக்கலை ஈஎஸ்பி 32-இல் எண்ணுவது

ஈபி மீட்டரில் மின்சாரம் ஓடும் வேகத்துக்கேற்ப மினுக்கும் சிவப்பு விளக்கை ஒரு சென்சாரால் எண்ணி, வீட்டு மின்செலவைப் பார்க்கும் ஏற்பாடு இது. இருட்டினால் போதும், ஹோம் அசிஸ்டென்ட் (வீட்டுச் சாதனங்களைக் கவனிக்கும் மென்பொருள்) கிராஃபில் 11,250 வாட் என்று ஒரு நேர்கோடு விழும். மீட்டரோ சிங்கிள் ஃபேஸ், 30 ஆம்பியர். 230 வோல்ட்டில் முழு லோடு இழுத்தாலும் 6.9 கிலோவாட்டைத் தாண்ட வழியில்லை. விடிந்ததும் கோடு காணாமல் போய், ஃப்ரிட்ஜ், மோட்டார், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். இந்தப் பேயை ஒருவழியாக ஓட்டியாயிற்று. டேஷ்போர்டு கணக்கும் மீட்டர் டிஸ்ப்ளேயும் இப்போது ஒத்துப்போகின்றன.

பொருள்கள் வழக்கமானவைதான்: 3200 இம்ப்/கிலோவாட் மணி என்று போட்ட மீட்டர், நாலு பின் எல்எம் 393 ஃபோட்டோடையோடு மாட்யூல் (வெளிச்சம் உணரும் டையோடும், அதன் வோல்ட்டை ஒரு வரம்போடு ஒப்பிடும் எல்எம் 393 சிப்பும் சேர்ந்த போர்டு), ஈஎஸ்பி 32 (வைஃபை உள்ள சிறு கன்ட்ரோலர் போர்டு), அதில் ஓடும் மென்பொருளாக இஎஸ்பிஹோம். ஃபிளாஷ் செய்வது, வைஃபை சேர்ப்பது எல்லாம் விட்டுவிடுகிறேன். ஈஎஸ்பியில் பின் 27-ஐ எடுத்தேன். 34 முதல் 39 வரை உள்ளே புல்-அப் (பின்னை மேல் வோல்ட்டில் பிடித்துவைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. அதிலும் 36, 39 இரண்டிலும் சில நேரம் நொடிப்பொழுது தாழ்ந்து எழும் கோளாறு சிப்பிலேயே உண்டு. 12-ஐ பூட் ஆகும்போது சிப் பார்க்கும். பல்ஸ் (ஒவ்வொரு மினுக்கலுக்கும் வரும் சிக்னல் துடிப்பு) எண்ண இவை எதுவும் வேண்டாம்.

கணக்கு இதுதான். யூனிட்டுக்கு 3200 மினுக்கல் என்றால் ஒரு மினுக்கல் 1125 ஜூல். இரண்டு மினுக்கலுக்கு நடுவே எத்தனை விநாடியோ, 1125-ஐ அதனால் வகுத்தால் வாட். 100 வாட் ஓடினால் 11.25 விநாடிக்கு ஒன்று. இஎஸ்பிஹோம் நிமிடத்துக்கு இத்தனை பல்ஸ் என்று தரும், அதை 18.75-ஆல் பெருக்க வேண்டும். 1600 மீட்டருக்கு 37.5.

இதனால்தான் வீட்டு மின்சாரத்துக்கு இஎஸ்பிஹோமில் உள்ள பல்ஸ் கவுன்டர் சரிவராது, பல்ஸ் மீட்டர்தான் வேண்டும். கவுன்டர் ஒரு நிமிடத்தில் எத்தனை வந்தது என்று எண்ணும். 40 வாட் ஓடினால் பெரும்பாலும் நிமிடத்துக்கு இரண்டு, அவ்வப்போது மூன்று, கிராஃப் 37.5-க்கும் 56-க்கும் படியேறி இறங்கும். பத்து விநாடிக்கு ஒருமுறை எண்ணச் சொன்னால் படி 112.5 வாட். பல்ஸ் மீட்டர் இடைவெளியை மைக்ரோ விநாடியில் அளப்பதால் மினுக்கலுக்கு மினுக்கல் சரியான வாட் வரும்.

இப்போது பேய். 1125-ஐ 0.1-ஆல் வகுத்துப் பாருங்கள்: 11,250. யாமலில் (இஎஸ்பிஹோம் அமைப்புகளை எழுதும் கோப்பு) இன்டர்னல் ஃபில்டர் (குறுகிய இரைச்சலைத் தள்ளும் நேரம்) 100 மில்லி விநாடி. அதாவது ஃபில்டர் அனுமதிக்கும் அதிகபட்ச வேகத்திலேயே பல்ஸ் உள்ளே வந்துகொண்டிருந்தது. காரணம் திண்ணை விளக்கு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய சோக் டியூப்லைட்டோ, மலிவு எல்ஈடி பல்போ விநாடிக்கு 100 தடவை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஃபோட்டோடையோடுக்குத் தெரியும்.

100 மில்லி விநாடி ஃபில்டர் 10 மில்லி விநாடித் துடிப்பை அடியோடு தடுத்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். தடுக்காது. ஃபில்டர் மோடு தானாக 'எட்ஜ்' என்று இருக்கும். அது கடைசியாக ஏற்றுக்கொண்ட விளிம்புக்கு (சிக்னல் மேலேறும் கணம்) பிறகு 100 மில்லி விநாடி ஆனதா என்று மட்டும் பார்க்கும். ஒன்பது விளிம்பைத் தள்ளிவிட்டுப் பத்தாவதை உள்ளே விடும். கிரிட் 50 ஹெர்ட்ஸுக்கு ஒரு பொட்டு மேலே போனால் பத்தாவது விளிம்பு நூலிழையில் முந்திவிடும், பதினொன்றாவதுதான் ஏறும். அப்போது 10,230 பக்கம் காட்டும். கோடு இந்த இரண்டுக்கும் நடுவே அவ்வப்போது தாவியதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் கிராஃபிலும் இப்படி ஒரு மர்ம எண் நின்றால் ஃபில்டரை 50 மில்லி விநாடியாக்கிப் பாருங்கள். எண் இரண்டு மடங்காகி 22,500-க்குப் போனால் வருவது இரைச்சல்தான், சந்தேகமே வேண்டாம்.

மருந்து 'பல்ஸ்' மோடு. இதில் சிக்னல் ஃபில்டர் நேரம் முழுக்க மேலேயே நிற்க வேண்டும், கீழே இறங்கினாலும் அதே நேரம் நிற்க வேண்டும். 5 மில்லி விநாடி எரிந்து 5 மில்லி விநாடி மங்கும் விளக்கு இந்தத் தேர்வில் தேறாது. ஆனால் 100 என்ற பழைய எண்ணை அப்படியே விட்டு மோடை மட்டும் மாற்றினால் நிஜ மினுக்கலும் செத்துவிடும், வாட் பூஜ்யம். மீட்டர் விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்று தெரிய வேண்டும். ஃபோனில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் எடுத்து, விளக்கு எரியும் ஃபிரேம்களை எண்ணுங்கள். ஒரு ஃபிரேம் 4.17 மில்லி விநாடி. இந்த மீட்டரில் எட்டு ஃபிரேம், அதாவது 33 மில்லி விநாடி. ஃபில்டரை 15-இல் வைத்தேன்: துடிப்பின் முழுச் சுற்றை விட அதிகம், மினுக்கலின் பாதிக்கும் குறைவு. மீட்டருக்கு மீட்டர் இது மாறும், என் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள்.

மென்பொருளில் இவ்வளவு என்றால் மாட்யூலிலும் ஒரு குறை உண்டு. இந்த எல்எம் 393 மாட்யூல்களில் ஹிஸ்டரிசிஸ் (ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ள வரம்புகளுக்கு நடுவே விடும் இடைவெளி) போடுவதே இல்லை. வெளிச்சம் மெல்ல ஏறி வரம்பைத் தொடும்போது அவுட்புட் பலமுறை மேலும் கீழும் அடித்துக்கொள்ளும். சிப்பின் 1-ஆம் காலுக்கும் 3-ஆம் காலுக்கும் நடுவே ஒரு 220 கே ரெசிஸ்டரைப் பற்றவைத்தால் ஏறத்தாழ 0.14 வோல்ட் இடைவெளி கிடைக்கும், அடித்துக்கொள்வது நிற்கும். ஃபோட்டோடையோடு 3-ஆம் காலுக்குப் போகிறதா என்று மட்டும் மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா போர்டும் ஒரே மாதிரி இல்லை. வரம்பை மாற்றும் திருகு பொட்டென்ஷியோமீட்டரை 1 முதல் 1.5 வோல்ட்டுக்குள் வையுங்கள். 3.3 வோல்ட்டில் ஓடும்போது இந்த சிப் நம்பிக்கையாக ஒப்பிடும் மேல் எல்லை வெப்பத்தைப் பொறுத்து 1.3 முதல் 1.8 வோல்ட்தான். 5 வோல்ட் கொடுத்தால் சரியாகிவிடும் என்று போகாதீர்கள், அவுட்புட் புல்-அப் வழியாக அந்த 5 வோல்ட் நேரே ஈஎஸ்பி பின்னுக்கு வரும். வெளிச்சம் பட்டால் அவுட்புட் தாழும், அதனால் யாமலில் இன்வெர்ட்டட் போட வேண்டும்.

வாங்கும்போது கவனம். ஃபோட்டோடையோடு மாட்யூல் கேட்டால் கடைகளில் ஃபிளேம் சென்சாரை எடுத்து நீட்டுகிறார்கள். போர்டு அச்சு அசல் ஒன்றுதான். டையோடு கறுப்பாக இருந்தால் அது அகச்சிவப்பை மட்டும் விடும், மீட்டரின் சிவப்பு விளக்கு அதற்குத் தெரியாது. எல்டிஆர் (வெளிச்சத்துக்கேற்ப மாறும் ரெசிஸ்டர்) மாட்யூலும் வேண்டாம். ஏறி இறங்கவே 20, 30 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும் பொருளை வைத்து 33 மில்லி விநாடி மினுக்கலைப் பிடிப்பது வீண் வம்பு. மூன்று பின் மாட்யூல் மலிவு, ஆனால் அனலாக் பின் இல்லாமல் பொட்டென்ஷியோமீட்டரைக் குத்துமதிப்பாகத் திருக வேண்டியிருக்கும்.

ஒட்டுவதற்கு வெள்ளை ஃபோம் டேப் கூடவே கூடாது, அதன் வழியாகவே வெளிச்சம் கசியும். இன்சுலேஷன் டேப் பசை மே மாத வெயிலில் இளகி வழியும். ஸ்டேஷனரி கடையில் பள்ளிக்கூட கைவேலைக்கு விற்கும் கறுப்பு ஃபோம் ஷீட்டில் ஓட்டை போட்டு, டையோடுக்கு ஒரு துண்டு ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டி, ஓட்டையில் சொருகினால் கச்சிதம். பிறகு டிவி ரிமோட்டை அதன் மேல் காட்டி பட்டனை அழுத்துங்கள். மாட்யூலின் அவுட்புட் விளக்கு லேசாகத் துடித்தாலும் அகச்சிவப்பு புகுகிறது, வெயிலும் புகும். வெளிப்பக்கம் ஒரு சுற்று அலுமினியத் தாள் போதும். தாள் மாட்யூல் கால்களில் படக் கூடாது.

காந்தம் வைத்து ஒட்டும் தலைகளை வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். இங்கே அந்த யோசனையே வேண்டாம். நம் மீட்டர்கள் காந்தத்தைத் திருட்டு முயற்சியாகப் பதிவு செய்துவைக்கும். சீலைத் தொடாமல், டிஸ்ப்ளேயையும் ரீடிங் எடுக்கும் ஆப்டிகல் போர்ட்டையும் மறைக்காமல், இழுத்தால் வந்துவிடும்படி ஒட்டினால் போதும். த்ரீ ஃபேஸ்காரர்கள் விளக்கின் பெயரைப் படித்துவிட்டு ஒட்டுங்கள். கிலோவாட் மணி விளக்குக்குப் பக்கத்திலேயே ரியாக்டிவ் (வேலை செய்யாமல் போய்வரும் மின்சக்தி) விளக்கும் மினுக்கும். அதில் ஒட்டினால் ஹீட்டர் ஓடும்போது எண் அசையவே அசையாது.

அடுத்து ஒரு சத்தமில்லாத திருடன். இஎஸ்பிஹோமில் ஏபிஐக்கு (ஹோம் அசிஸ்டென்டோடு பேசும் இணைப்பு) ரீபூட் டைம்அவுட் தானாகவே 15 நிமிடம். ஹோம் அசிஸ்டென்ட் மெஷின் அணைந்து கிடந்தால் ஈஎஸ்பி 15 நிமிடத்துக்கு ஒருமுறை தன்னையே ரீபூட் செய்துகொள்ளும், டோட்டல் பூஜ்யமாகும், இடையில் எண்ணியது போச்சு. ஏபிஐ, வைஃபை இரண்டிலும் இதைப் பூஜ்ய விநாடியாக்குங்கள். அப்புறம் சர்வர் எத்தனை நேரம் தூங்கினாலும் ஈஎஸ்பி எண்ணிக்கொண்டிருக்கும், இணைப்பு வந்ததும் மொத்தத்தையும் ஒப்படைக்கும். பல்ஸ் மீட்டரின் டைம்அவுட் தானாக ஐந்து நிமிடம். கரண்ட் போன பிறகும் அதுவரை பழைய வாட்டையே காட்டும். இரண்டு நிமிடமாக்கினேன். 9.4 வாட்டுக்குக் கீழே ஓடினால் பூஜ்யம் என்று விழும், பரவாயில்லை.

டோட்டலை 3200-ஆல் வகுத்து யூனிட்டாக்கி ஹோம் அசிஸ்டென்டின் யூட்டிலிட்டி மீட்டரில் கொடுத்திருக்கிறேன். அதில் இரண்டு மாதச் சுழற்சி இருந்தாலும் பயன்படுத்தவில்லை. ரீடிங் எடுப்பவர் வரும் தேதி முன்னே பின்னே ஆகும், அதனால் அவர் வந்துபோனதும் காலிப்ரேட் ஆக்ஷனில் பூஜ்யமாக்குவதே நல்லது. இவ்வளவு பாடும் 500 யூனிட் எல்லைக்காகத்தான். 2022 செப்டம்பர் தமிழ்நாட்டுக் கட்டண அட்டவணையில் இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டின் விலையும் 2.25-இலிருந்து 4.50 ஆனது. 501-ஆவது யூனிட் தன் விலையோடு 225 ரூபாயையும் சேர்த்து இழுத்துவந்தது. பிறகு எண்கள் மாறின, ஆனால் 450-இல் ஃபோனுக்கு ஒரு எச்சரிக்கை வருவது நல்லதுதானே. அந்த ஆட்டோமேஷன் இன்னும் எழுதவில்லை.

அதற்குள் கை தண்ணீர் பக்கம் போய்விட்டது. ஒய்எஃப்-எஸ்201 என்ற தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் சென்சார் வாங்கி வைத்திருக்கிறேன். லிட்டருக்கு சுமார் 450 பல்ஸ், நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடினால் 150 ஹெர்ட்ஸ். இந்த வேகத்துக்குப் பல்ஸ் கவுன்டர்தான் பொருத்தம், ஈஎஸ்பி 32-இன் ஹார்டுவேர் கவுன்டரே எண்ணிவிடும். சிக்னல் 5 வோல்ட் வரை வருவதால் 10 கே, 20 கே ரெசிஸ்டர்கள் போட்டு இறக்க வேண்டும். அரை அங்குல வாய், 30 லிட்டர் வரம்பு என்பதால் மோட்டார் லைனில் போட்டால் ஓட்டத்தையே நெரிக்கும், தொட்டியிலிருந்து இறங்கும் பைப்புக்குத்தான் சரி. காற்று புகுந்த பைப்பில் சக்கரம் காற்றிலும் சுற்றி எண்ணித் தள்ளும், அதனால் சென்சாருக்குப் பிறகு பைப் கொஞ்சம் மேலேறி எப்போதும் நிறைந்திருக்கும்படி இடம் பார்க்க வேண்டும். 450 என்ற எண்ணையும் நம்பப் போவதில்லை, 20 லிட்டர் கேனை நிரப்பி எண்ணிக்கொள்ளலாம்.