சலூன் சேர் பம்பைப் பிரித்து மாட்டிய அனுபவம்

பெரியவர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். கத்தி தொண்டைப் பக்கம் இருக்கும்போது சேர் மெதுவாகக் கீழே இறங்கியது. சட்டென்று கையை எடுத்துவிட்டேன். அவருக்குத் தெரியவே இல்லை. எனக்கு அன்று முழுவதும் படபடப்பு அடங்கவில்லை. இந்த நிலையில் அந்தச் சேரில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை. அன்றைக்கே பிரித்தேன்.

போன வருடமும் இப்படித்தான் இறங்கியது. பார்க்க வந்தவர், ஆயில் குறைந்துவிட்டது என்று சொல்லி பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டுப் போனார். கொஞ்ச நாள் நின்றது, அப்புறம் முன்னைவிட மோசம்.

மிதியை மிதித்தால் ஆயில் ஒரு ஸ்டீல் குண்டைத் தள்ளிக்கொண்டு சிலிண்டருக்குள் போய்ச் சேரைத் தூக்கும். குண்டு திரும்பித் தன் இடத்தில் உட்கார்ந்து வழியை அடைத்துக்கொள்வதால்தான் சேர் நிற்கிறது. வெளியே ஒழுக்கு இல்லாமல் இறங்கினால், குண்டுக்கு அடியில் அழுக்கு இருக்கும், அல்லது உள்ளே ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், ஓ-ரிங், போயிருக்கும். என் சேரில் இரண்டுமே.

தம்பியும் நானும் மேல் சேரைத் தூக்கி வைத்துவிட்டு, பம்பைக் கழற்றி ஆயிலை வடித்தோம். தார் மாதிரி கறுப்பாக வந்தது. குண்டு மிளகு அளவுதான் இருக்கும். அது உட்காரும் குழியில் ரப்பர் துணுக்கு ஒட்டியிருந்தது. டீசலில் கழுவி, நூல் பிரியாத பழைய வேட்டித் துணியால் துடைத்தேன்.

ஓ-ரிங்தான் அலைய வைத்தது. ஜேசிபிக்கு இந்த மாதிரி சீல் விற்கும் கடையில் பழையதைக் காட்டி அதே அளவில் வாங்கிவந்தேன். ரிங் உட்காரும் பள்ளமான காடியில் உட்காரவே இல்லை. பக்கத்து லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கே இருந்த அண்ணன் பழைய ரிங்கை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

“இது ஊதிப்போயிருக்கு தம்பி. பிரேக் ஆயில் ஊத்துனீங்களா? இந்த ரப்பருக்கு அது ஆகாது. ரிங்கை அளக்காதீங்க, காடியை அளங்க.”

அவரே வெர்னியர் வைத்து அளந்து எழுதிக் கொடுத்தார். அந்த அளவில் வாங்கியது கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு வருட வேதனைக்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

32-ஆம் நம்பர் ஹைட்ராலிக் ஆயில் ஊற்றினேன். ஊற்றும்போது சேரைத் தூக்கும் தண்டு முழுக்க இறங்கியிருக்க வேண்டும். ஏற்றி வைத்து நிரப்பினால் இறக்கும்போது பொங்கி வழிந்துவிடும். முதலில் மிதி பஞ்சு மாதிரி அமுங்கியது. உள்ளே காற்று. முழுசாக ஏற்றி இறக்கி, பத்துத் தடவை செய்த பிறகுதான் மிதி இறுகியது.

சரி, நம்பலாமா? அரிசிக் கடையில் இரண்டு சிப்பம் கேட்டு வாங்கி, மொத்தம் 50 கிலோவைச் சேரில் ஏற்றி, தண்டில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் கோடு போட்ட இடத்திலேயே இருந்தது.

இப்போது இரவில் கடை பூட்டும் முன் சேரை இறக்கி வைக்கிறேன், சீல் மேல் அழுத்தம் இருக்காது. செவ்வாய்தோறும் மிதித்தண்டைச் சுற்றிப் படிந்த முடியைப் பிரஷால் எடுக்கிறேன். ஆயிலில் நனைந்த பொடிமுடி பசை மாதிரி இறுகி, சீலை அரித்துவிடும். அந்தப் பெரியவர் அடுத்த வாரம் வந்தார். அதே சேரில்தான் உட்கார வைத்தேன்.