தேக்கு எந்த ஊர்?

காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் பதினோரு வருடம் புரூஃப் பார்த்தேன். பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை, மணிவிழா அழைப்பு. பெயரில் ஓர் எழுத்து மாறினால் பெண் வீட்டார் வாசலில் வந்து நிற்பார்கள். எழுத்தையே பார்த்துப் பார்த்து, எழுதியவன் என்ன சொல்கிறான் என்று கவனிக்கும் பழக்கமே போய்விட்டது.

ஒரு தீபாவளி மலருக்கு உள்ளூர் இளைஞர் ஒருவர் நகைச்சுவைக் கட்டுரை கொடுத்தார். அடுத்த வீட்டில் இரண்டு பையன்கள் ஜோடியாகக் குடிவந்துவிட்டார்கள் என்று ஒரு பெரியவர் கலெக்டருக்கு எழுதும் மனு:

"ஐயா, பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்து, இத்தாலிச் சலவைக்கல்லில் கால் நீட்டி, பெல்ஜியம் கண்ணாடியில் முகம் பார்த்தபடி எழுதுகிறேன். இந்த அயல்நாட்டுப் பழக்கம் நம் மண்ணுக்கு ஆகாது. இதைக் குற்றமென்று 1860இல் வெள்ளைக்காரன் போட்ட 377ஆம் பிரிவுதான் நம் பாரம்பரியத்தைக் கட்டிக்காத்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதிலும் கைவைத்துவிட்டது. அந்த மாதிரிப் பசங்கள் வந்ததிலிருந்து என் மூத்த மகன் என்னோடு பேசுவதில்லை. முன்பும் பேசியதில்லை, காரணம் இப்போதுதான் தெரிந்தது."

ஓரத்தில் சிவப்பு மையால் 'வெறுப்புப் பேச்சு, நீக்கலாம்' என்று எழுதினேன். போதாததற்கு 'அந்த மாதிரிப் பசங்க'ளை அடித்துவிட்டு 'தன்பாலீர்ப்பாளர்' என்று திருத்தினேன்.

புரூஃபைப் பார்த்த இளைஞர் கோபப்படவில்லை. "அண்ணே, தேக்கு எந்த ஊரு?" என்றார்.

"பர்மா."

"சட்டம்?"

எனக்கு உறைத்தது. "அந்த நல்ல வார்த்தை தெரிஞ்சிருந்தா அவர் இந்த மனுவையே எழுதியிருக்க மாட்டாருண்ணே" என்று திருத்தத்தையும் பழையபடி மாற்றச் சொன்னார்.

இத்தனைக்கும் 'தேவர் அனையர் கயவர்' என்ற குறளை வஞ்சப்புகழ்ச்சிக்கு உதாரணமாகப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். கயவரைத் தேவர் என்றால் பிடிபடுகிறது. அடுத்த வீட்டுக்காரரை நியாயவான்போலப் பேசவிட்டால் தடுமாறுகிறேன். நம் சினிமாவில் நளினமாக நடக்கிற ஆணைக் காட்டிச் சிரிக்க வைப்பார்கள். அங்கே சிரிப்பு அவன் உடம்பின் மேல். இங்கே அந்தப் பையன்கள் எதுவுமே செய்யவில்லை, வாடகைக்கு இருக்கிறார்கள், அவ்வளவுதான். சிரிப்பு முழுக்கப் பேசுகிறவரின் வாயிலிருந்து வருகிறது. இரண்டிலும் வசவு ஒன்றுதான் என்பதால் நான் ஏமாந்தேன்.

கட்டுரை வந்தது. நான்காம் நாள், வேட்டி மடிப்புக் கலையாத பெரியவர் ஒருவர் கவுண்டரில் கை ஊன்றி நின்றார். "நம்ம மனசுல இருக்கறத அப்படியே எழுதியிருக்கு தம்பி. தெருவுல குடுக்கணும், இருபது புக்கு போடுங்க."

இருபதும் அவர் தெருவில் எப்படிப் படிக்கப்படும் என்று வயிற்றைக் கலக்கியது. அங்கே நிஜமாகவே இரண்டு பையன்கள் இருந்தால்? முதலாளி பில் போடச் சொல்லிக் கண்காட்டினார். போட்டேன்.

பில்லை மடித்துப் பையில் வைத்தவர், படியிறங்கும்போது திரும்பினார். "அந்த பெல்ஜியம் கண்ணாடி எங்க வீட்லயும் இருக்கு தம்பி."