தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க இருப்பவர்கள் முதலில் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்

விண்ணப்பம் கோரும் வர்த்தமானி அறிவித்தல் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று இருக்கும் வன்னிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இன்றைக்கே உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்து, அதிலிருக்கும் பெயரை அடையாள அட்டையோடும் உயர்தரப் பெறுபேற்றுத் தாளோடும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு இதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. பெறுபேறு போதும், கட்டாயம் கிடைக்கும் என்று உயிரியல் ஆசிரியர் சொன்ன மகிழ்ச்சியை ஒரே ஓர் எழுத்து கெடுத்துவிட்டது.

1997இல் வன்னியில் ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது எங்கள் குடும்பம் நெடுங்கேணிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்தது. அடுத்த வருடம் ஏ-9 வீதிக்கு மேற்கே, ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில் நான் பிறந்தேன். பதிவாளர் என் பெயரில் ‘ஜ’ எழுதியிருக்கிறார். பிறகு முல்லைத்தீவு மாவட்டத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அதிபர் ‘ய’ எழுதினார். அடையாள அட்டையும் பரீட்சைச் சான்றிதழ்களும் பள்ளிக்கூடப் பெயரிலேயே வந்தன. 2009இல் போரின் கடைசி மாதங்களில் எல்லாப் பத்திரங்களும் பையோடு போய்விட்டன. மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு ஒரு நடமாடும் சேவையில் பிறப்புச் சான்றிதழின் பிரதி கிடைத்தது. இனி இதுவும் தொலையக்கூடாது என்று அப்பா அதை லமினேற் செய்து வைத்தார்.

முதல் அடி அதிலேயே விழுந்தது. விண்ணப்பத்துக்காக நான் போன அலுவலகத்தில் இருந்த எழுதுவினைஞர், லமினேற் செய்த பிரதி செல்லாது, பிறந்த இடத்தில் புதிதாக எடுத்து வா என்றார். மாங்குளம் வந்து பஸ் மாறி அங்கே போனால், பதிவு இலக்கம் தெரியாவிட்டால் புத்தகத்தில் தேட வேண்டும், இன்றைக்கு ஆள் இல்லை என்றார்கள். இலக்கம் என் கையிலிருந்த அந்த லமினேற் பிரதியிலேயே இருந்தது. அதை யன்னலுக்குள்ளே நீட்டிக் காட்டிய பிறகுதான் ஒருவர் எழுந்து போனார். ஆகவே பழைய பிரதி எவ்வளவு கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள். இலக்கமும் திகதியும் தெரிந்தால் தேடுகிற வேலை மிச்சம்.

புதுப் பிரதியோடு திரும்பி வந்தால், அதே எழுதுவினைஞர் அதையும் பெறுபேற்றுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பேனா முனையால் ‘ஜ’வைத் தொட்டார், பிறகு ‘ய’வைத் தொட்டார். “இது வேறு ஆள், அது வேறு ஆள். பிறப்புப் பதிவைத் திருத்திக்கொண்டு வா பிள்ளை” என்று தாள்களைத் திருப்பித் தள்ளினார். திருத்தம் எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டேன். மாதக்கணக்கில் போகும் என்றார். விண்ணப்ப முடிவுத் திகதியோ கண்ணுக்கெதிரே நின்றது. வேறு வழி இல்லையா என்று கேட்டதற்கு அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அடுத்த முறை போனபோது மேலதிகாரி கூட்டத்துக்குப் போய்விட்டார், அதற்கடுத்த முறை ஆசனத்தில் எழுதுவினைஞரே இல்லை. ஒவ்வொரு முறையும் அம்மா வயல் கூலியை விட்டுவிட்டு என்னோடு வந்தார். அந்தக் கூலிக்கு யார் பொறுப்பு என்று இன்றைக்கும் கேட்கத் தோன்றுகிறது.

கடைசியில் வழி காட்டியவர் வேறொரு பிரிவில் இருந்த வயதான உத்தியோகத்தர். வாங்கில் அழுதுகொண்டிருந்த அம்மாவைப் பார்த்து, “என்ன அக்கா, என்ன அலுவல்?” என்று தானாகவே கேட்டார். தாள்களைப் பார்த்தார். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பு மகள், திருத்தத்தைப் பிறகு ஆறுதலாகச் செய்யலாம் என்றார். அன்று பின்னேரமே சத்தியக் கடதாசி கையில் இருந்தது! பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அந்தத் துண்டை என் உயிரியல் புத்தகத்துக்குள் வைத்துப் பத்திரப்படுத்தினேன். யாராவது உங்களிடம் முடியாது என்று சொன்னால், அடுத்த மேசையில் கேளுங்கள். அங்கும் முடியாது என்றால் உதவிப் பிரதேச செயலாளரைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

நேர்முகத் தேர்வுக்கான கடிதம் சிங்களத்தில் வந்தது, கிராம அலுவலர் வாசித்துச் சொன்னார். நேர்முகத் தேர்வில் சத்தியக் கடதாசியை ஒரு முறை பார்த்துவிட்டுக் கோவையில் வைத்தார்கள், அவ்வளவுதான். அதற்காகவா இத்தனை அலைச்சல்!

அடுத்த சிக்கல் பயிற்சி ஒப்பந்தத்துக்குப் பிணை. என்னிடம் நிரந்தர அரசாங்க வேலையில் இருப்பவர்களின் கையெழுத்தைக் கேட்டார்கள். மீன்பிடியும் வயலும் கூலியும் உள்ள எங்கள் ஊரில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்? சொந்தக்காரர் ஒருவர், நான் இடையில் விட்டுவிட்டால் தன் சம்பளத்தில் வெட்டுவார்கள் என்று பயந்து மறுத்துவிட்டார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. உயிரியல் ஆசிரியர்தான் “கொண்டு வா” என்று ஒரே சொல்லில் கையெழுத்திட்டார். பிணைக்கு யார் என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மூன்று வருடப் பயிற்சி நல்லபடியாகப் போனது. பாடப்புத்தகங்கள் ஆங்கிலத்தில் என்பதால் முதல் மாதங்கள் அகராதியோடு கழிந்தன. மாதாந்தக் கொடுப்பனவு கிடைப்பதால் வீட்டுக்குப் பாரமாக இருக்க வேண்டியதில்லை. பெயர்த் திருத்தத்தை நான் பயிற்சிக் காலத்து விடுமுறையில் செய்து முடித்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பயிற்சி முடிந்ததும் இலங்கைத் தாதியர் பேரவையில் பதிய வேண்டும், பிறகு நியமனக் கடிதம், சம்பளப் பட்டியல், மேற்படிப்பு என்று எல்லாத் தாள்களும் ஒன்றையொன்று பார்த்துத்தான் எழுதப்படுகின்றன. வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய தலையிடி.

இப்போது வன்னியிலேயே ஒரு வைத்தியசாலையில் வேலை செய்கிறேன். இரவுக் கடமை ஏழு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழு வரை. அறுவடைக் காலத்தில் பாம்புக் கடியோடு வருபவர்கள் அதிகம். புடையன் பாம்பு கடித்தவரின் இரத்தத்தைக் காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம், உடனே வைத்தியருக்குச் சொல்லியாக வேண்டும். ஒரே நோயாளர் விடுதியில் ஒரே பெயரில் இருவர் கடிபட்டு வந்த இரவும் உண்டு. குழாயில் பெயரை ஒட்டுவதற்கு முன் கட்டிலருகே போய், “ஐயா, உங்கள் முழுப்பெயர் என்ன? தகப்பன் பெயர் என்ன?” என்று கேட்டு, கட்டில் இலக்கத்தையும் சரிபார்க்கிறோம். பெயர் பிழைத்தால் உயிருக்கு ஆபத்து என்பது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் எழுந்து போய் ஆளிடமே கேட்கிறோம். அந்த எழுதுவினைஞரும் அன்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

என்னோடு படித்த ஒருத்திக்கு இதே போன்ற சிக்கல்தான், தகப்பன் பெயரில். அவள் திருத்திக்கொண்டு வரப் போனாள், அதற்குள் முடிவுத் திகதி கடந்துவிட்டது. என்னைவிட நல்ல பெறுபேறு அவளுக்கு. இப்போது ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். வன்னியில் தமிழ் பேசும் தாதியருக்கு, நோயாளர்கள் கூப்பிடுகிற ‘மிஸ்ஸி’களுக்கு, எவ்வளவு தேவை இருக்கிறது என்று விடுதியில் ஒரு நாள் நின்றால் தெரியும். நோவைச் சொல்லத் தெரியாமல் வயோதிபர்கள் தவிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் ஞாபகம்தான் வருகிறது.

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே ஒரு நாள் பத்திரங்களைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் பழைய பள்ளிக்கூட அதிபரிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த தவணையில் செய்வோம் என்றார். அதுவரை காத்திருக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழின் புதுப் பிரதிகள் இரண்டு, லமினேற் செய்யாமல், இந்த மாதமே எடுத்து வையுங்கள்.