பெயிண்ட் அடித்த காரில் கொப்புளம்: ஒரே வண்டி, மூன்று காரணங்கள்

எங்கள் வீட்டு பழைய மாருதி ஸென் காருக்கு முழு பெயிண்ட் அடித்திருந்தோம். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு அங்கங்கே கொப்புளம். பானெட்டில் ஊசிமுனை அளவுக்குப் புள்ளிகள், டிரைவர் பக்கக் கதவில் மிளகு அளவுக்கு மேடுகள், பின் சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் ஒரு பெரிய வீக்கம். அடித்த கடையில் காட்டினேன். "தூத்துக்குடி வெயிலுக்கு அப்படித்தான் சார் வரும். தேய்ச்சுவிட்டு மேல ஒரு கோட் அடிச்சிருவோம்" என்றார்கள். எதனால் வந்தது என்றே தெரியாமல் மேலே அடித்தால் அடுத்த மழைக்கும் இதே கதைதான். வண்டியை விடாமல், பஸ் பாடி கட்டும் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்த பெயிண்டர் அண்ணாச்சி ஒருவரைக் கூட்டிவந்தேன்.

அவர் கொண்டுவந்தது ஒரு தையல் ஊசி, ஒரு லென்ஸ், ஒரு சின்னக் காந்தம். "கொப்புளத்தை உடைச்சுப் பாக்காம பேசக்கூடாது தம்பி" என்றார். வெளியே எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். தகடு, அதைப் பிடித்துக்கொள்ளும் பிரைமர், பள்ளம் நிரப்பும் பட்டி, மேடுபள்ளத்தைச் சமமாக்கும் சர்ஃபேசர், கலர், மேலே பளபளப்புக்கு கிளியர் என்று இத்தனை அடுக்கில் எங்கிருந்து கிளம்பியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் பானெட். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியின் உச்சியிலும் ஒரு ஓட்டை. தோசை வேகும்போது கண் விடுமே, அதேதான். பெயிண்டை இளக்கக் கலந்து, உள்ளே மாட்டிக்கொண்ட தின்னர் மேல்தோலைக் குத்திக்கொண்டு வெளியேறிய தடம் அது. வெயில் நேரத்தில் சீக்கிரம் ஆவியாகும் தின்னரைக் கலந்து, முதல் கோட் காயும் முன்னே அடுத்ததைக் கனமாக அடித்தால் மேலே தோல் கட்டிவிடும், தின்னர் உள்ளேயே நின்றுவிடும். பொதுவாக ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 5 முதல் 10 நிமிஷமாவது விடவேண்டும். சரியான கணக்கு டின்னிலேயே போட்டிருக்கும். ஆக, பானெட்டுக்கும் மழைக்கும் சம்பந்தமே இல்லை.

கதவுதான் நேரம் எடுத்தது. அங்கே மேடுகளின் உச்சியில் ஓட்டை இல்லை. காலையில் உப்பலாக இருந்தவை, நல்ல வெயில் அடித்த மத்தியானம் பாதியாக அமுங்கின. ஊசியால் குத்தியதும் ஒரு துளி ஈரம் கசிந்தது. தோலை உரித்தால் கீழே சாம்பல் நிற சர்ஃபேசர் முழுசாக இருந்தது, துரு இல்லை. தண்ணீர் எப்படிப் போயிருக்கும்? முதல் சந்தேகம், பெயிண்ட் பீய்ச்சக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர்மேல். டேங்கில் சேரும் தண்ணீரை வடிக்காமல் அடித்தால் காற்றோடு கலந்து பெயிண்டில் இறங்கும். பெயிண்ட் இறுகக் கலக்கும் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனமும் தண்ணீரும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வேறு கிளம்பிப் பொரியும். கடைக்குப் போய் டிரெயின் வால்வைத் திறக்கச் சொன்னோம். வெறும் காற்றுதான் வந்தது. ஏர் குழாயை ஒரு கண்ணாடிமேல் பிடித்தும் பார்த்தோம், ஈரம் படியவில்லை. தவிர, கம்ப்ரஸர் தண்ணீர் என்றால் ஒரு கதவோடு நிற்காதே.

அப்புறம்தான் அண்ணாச்சி மேடுகள் நிற்கும் வரிசையைக் காட்டினார். கைப்பிடிக்குக் கீழிருந்து நேராகக் கீழே இறங்குகின்றன, தண்ணீர் வழிந்து காய்ந்த கோடு மாதிரி. "வாட்டர் பேப்பர் போட எந்தத் தண்ணி எடுக்கிய?" என்று, தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்ப்பதைப் பற்றிக் கடைப் பையனிடம் கேட்டார். போர் தண்ணி. எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஒரு கறுப்புத் தகட்டில் அதில் ஒரு சொட்டு விட்டு வெயிலில் வைத்தார். காய்ந்ததும் வெள்ளை வட்டம் பளிச்சென்று நின்றது. அந்த உப்பு சர்ஃபேசர்மேல் தங்க, அதன்மேல் கலர் அடித்திருக்கிறார்கள். பெயிண்ட் படலம் பார்வைக்கு அடைப்பாக இருந்தாலும் நீராவி மெல்ல ஊடுருவும். ஈரமான நாட்களில் உப்பு அதை இழுத்துக்கொண்டே இருக்கும், மேலே பெயிண்ட் வீங்கும். கடைக்காரரே அந்தத் தகட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு வெயிலைப் பற்றி யாரும் பேசவில்லை.

மட்கார்டில் விவாதமே இல்லை. காந்தம் ஒட்டாமல் நழுவியது, அத்தனை கனத்துக்குப் பட்டி. குத்தினால் பழுப்புத் தூள். உள்பக்க மடிப்பில் கைவிட்டால் இறுகிப்போன சேறு. தகடு உள்ளிருந்தே அரித்து வந்திருக்கிறது. பெயிண்டரைச் சொல்லிக் குற்றமில்லை.

மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. பானெட்டில் ஓட்டையின் அடிவரைக்கும் தேய்த்தாக வேண்டும். மேலே கிளியர் அடித்தால் ஓட்டை மூடாது, அதன் வாயை மட்டும் பாலம் கட்டிவிட்டு மறுபடி உடையும். கதவில் கலரை முழுக்க எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, திரும்ப சர்ஃபேசரிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். மட்கார்டில் அரித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்துண்டு வெல்டிங் வைத்து, எபாக்சி பிரைமர் அடிக்கவேண்டும். பானெட்டும் கதவும் கடையின் பொறுப்பு, டிங்கரிங் செலவு என்னுடையது என்று பேசி முடித்தோம். உடைத்த கொப்புளங்களை அப்படியே விட்டுவைத்துக் காட்டியதால்தான் அந்தப் பேச்சு நியாயமாக முடிந்தது. தேய்த்தபிறகு போயிருந்தால் காட்ட எதுவும் இருந்திருக்காது.

அதற்கடுத்த மழை தாண்டியும் கதவும் பானெட்டும் சுத்தமாக இருக்கின்றன. மட்கார்டின் உள்மடிப்பில் சேறு தங்கவிடாமல் பீய்ச்சிக் கழுவுகிறேன், நல்ல தண்ணீரில்.