பிடுங்கப் பிடுங்கப் பெருகிய கோரை

வீட்டு முன்னால் அரை சென்ட் இடத்தில் கொரியன் புல் பதித்து ஒரு வருடம் ஆகிறது. அடியில் நிரவ ஒரு லோடு செம்மண் அடித்தோம். கோரை அதோடுதான் வந்து இறங்கியிருக்க வேண்டும்.

முதலில் கோரை என்றே தெரியவில்லை. புல் வெட்டிய மூன்றாம் நாள் அங்கங்கே சில தாள்கள் மட்டும் விறுவிறுவென்று தலை நீட்டும். பூத்தண்டு ஒன்றை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு உருளாமல், மூன்று பட்டையாகத் தட்டுப்பட்டது. கோரைதான்.

ஓரடிச் சதுரத்துக்கு நூல் கட்டி எண்ணினேன்: 14. எல்லாவற்றையும் பிடுங்கினேன். ஒரு மழை பெய்தது. பன்னிரண்டாம் நாள் எண்ணினால் 23! "மேல இழுத்தா தலைதான் வரும், கிழங்கு உள்ளயே உக்காந்திருக்கும்" என்றார் அம்மா. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

சரி என்று பக்கத்தில் இன்னொரு ஓரடியை ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி மண்ணைச் சலித்தேன். 19 கிழங்குகள். கறுத்த கம்பி போன்ற வேரில் மணி கோத்த மாதிரி வரிசையாக இருந்தன. முன்னால் இருக்கும் கிழங்கு முளைத்திருக்கும்வரை பின்னால் இருப்பவை பெரும்பாலும் உறங்கும். நாம் இழுக்கும்போது கம்பி அறுந்தால் உறங்கியவையும் விழித்துக்கொள்ளும். 14 எப்படி 23 ஆனது என்பது அப்போதுதான் விளங்கியது. (இதே கிழங்கைத்தான் நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.) குப்பையில் போட்டால் அங்கேயும் முளைக்கும் என்று மொட்டை மாடி வெயிலில் சருகாகக் காயவைத்தேன்.

அரை சென்ட்டையும் இப்படித் தோண்டினால் புல்தரை மிஞ்சாது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தாலும் கோரையோடு புல்லும் போய்விடும். கரும்பில் கோரைக்கு அடிக்கும் ஹாலோசல்ஃப்யூரானை கொரியன் புல் தாங்கும் என்பதால் அதை வாங்கினேன். ஏக்கருக்கு 36 கிராம் பொட்டலம். என் இடத்துக்குக் கணக்குப் போட்டால் 0.18 கிராம்! ஸ்பூனில் அள்ளுகிற சமாச்சாரம் இல்லை. நகை நிறுக்கும் குட்டித் தராசு ஒன்றை இதற்கென்றே வாங்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு காலையில் அடித்தேன். ஓரத்துச் செம்பருத்தி மேல் படாமல் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வாரம் புல் வெட்டவில்லை. மருந்தை உறிஞ்ச இலை வேண்டுமே.

ஐந்து நாள் ஒன்றுமே நடக்கவில்லை. ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். பத்தாம் நாள் குருத்து மஞ்சளானது. மூன்றாம் வாரம் தாளெல்லாம் காய்ந்து கிடந்தது; புல் அப்படியே இருந்தது.

ஆறு வாரம் கழித்து, நூல் கட்டிய சதுரத்தில் இன்று 4. உறங்கிக் கிடந்தவைதான். மறுபடி மருந்தடிக்க, நாலைந்து இலை விடட்டும் என்று காத்திருக்கிறேன். நடுவில் புளியாரையும் எட்டிப் பார்க்கிறது. காய் வெடித்து விதை சிதறுவதற்குள் அதைக் கையாலேயே எடுத்துவிடுகிறேன்.

பொட்டலத்தில் இன்னும் 35.82 கிராம் இருக்கிறது. டப்பாவில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன்.