ஆண்டர்சன் தெருவிலிருந்து ஆழ்வார்பேட்டைக்கு

ஆகஸ்ட் 9, சனி

பாரிமுனையில் இறங்கும்போதே நல்ல வெயில். 23, 24 தேதிகளில் ஆழ்வார்பேட்டையில் ஒரு மண்டபத்தில் சந்தை. கையால் தைத்த நோட்டுகளோடு நானும் ஒரு ஸ்டால் எடுத்திருக்கிறேன். தாமே வடிவமைத்துத் தாமே செய்கிறவர்களுக்கு மட்டும் என்று அறிவிப்பு. ஸ்டால் வாடகை இரண்டு நாளைக்கு 7,000 ரூபாய். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட்.

ஆண்டர்சன் தெருவில் வழக்கமான காகிதக் கடையில் 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) காகிதம் கேட்டேன். கடைக்காரர் எடுத்துப் போட்டவற்றில் ஒன்று கரூர் பக்கம் புகளூர் ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்து வருவது. விலையும் தோது. ஓரத்தில் ஒரு துண்டு கிழித்து, ஒரு பக்கம் மட்டும் எச்சில் தொட்டுப் பார்த்தேன். உடனே குழல் மாதிரி சுருண்டது. அந்தக் குழலின் நீளவாக்கில்தான் காகிதத்தின் நார் ஓடுகிறது. நோட்டின் முதுகும் அதே திசையில் இருக்க வேண்டும். குறுக்கே போனால் பக்கங்கள் படியாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். "டெஸ்ட் எல்லாம் பண்றீங்களே மேடம், ஸ்கூல் நோட்டுக்கா?" என்றார் கடைப் பையன்.

ஆகஸ்ட் 13, புதன்

16 பக்கம் ஒரு பாரம். மடிப்பது, துளை போடுவது, மெழுகு தேய்த்த நூலால் தைப்பது. கைக்குப் பழகிய வேலை, சொல்ல ஒன்றுமில்லை.

பசைதான் தொல்லை. மைதாவைக் கட்டி தட்டாமல் கிண்டி, அதில் துளி மயில்துத்தம். பூச்சி அண்டாமல் இருக்க அதைச் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தவர் திருவல்லிக்கேணியில் புத்தக பைண்டிங் செய்யும் பாய். விஷம் என்பதால் அதற்கென்று தனிப் பாத்திரம். அம்மாவின் கண்ணில் படாமல் பால்கனியில் வைத்திருக்கிறேன். இந்த ஊர் ஈரத்தில் பசை சீக்கிரம் காயாது. அட்டை வளைந்துவிடும். அதனால் ராத்திரி முழுக்கப் பாட்டியின் அம்மிக்கல்லை நோட்டுகள் மேல் ஏற்றி வைக்கிறேன். இதைவிட நல்ல பிரஸ் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கணக்குப் போட்டேன். நோட்டு 650 ரூபாய். காகிதம், அட்டை, செட்டிநாட்டுக் காட்டன், நூல், பாயின் கட்டிங் கூலி எல்லாம் சேர்த்து 210. மிச்சம் 440. அதாவது வாடகையை எடுக்கவே 16 நோட்டு போக வேண்டும். என் நேரம் இதில் சேரவில்லை.

அதனால் வெட்டி மிஞ்சிய அட்டையிலும் துணிக்கரையிலும் புக்மார்க். ஒன்று 40 ரூபாய். செலவு ஐந்து. 200 போனால் வாடகை கழிந்தது. இந்த மாதிரிச் சந்தைகளில் எல்லா மேசையிலும் இதே மாதிரி சின்னச் சாமான் ஏன் குவிகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ரசனை எல்லாம் அப்புறம், முதலில் வாடகை.

ஆகஸ்ட் 23, சனி

நகரம் பிறந்த நாளாகக் கொண்டாடும் மெட்ராஸ் டே முடிந்த மறுநாள். ஆகவே மண்டபம் முழுக்க மெட்ராஸ். ஆட்டோ, டபரா செட், எல்.ஐ.சி. கட்டடம், சென்ட்ரல் ஸ்டேஷன். ஃபிரிட்ஜ் காந்தமாக, கோஸ்டராக, சாவிக்கொத்தாக. எண்ணுவதை நிறுத்திவிட்டேன். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இந்தக் கரைக்கு வந்ததே துணி வாங்கத்தான். சிந்தாதிரிப்பேட்டையை 1734-ல் நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் குடியமர்த்தத்தான் உண்டாக்கினார்கள். ஒரு காந்தத்திலாவது ஒரு தறி உண்டா? கிடையாது.

பக்கத்து மேசை பல்லாவரத்திலிருந்து வந்த அக்கா, சுடுமண் நகை. ஜிமிக்கியின் அடிவிளிம்பில் அரிசி அளவு மொட்டுகளை வரிசையாக ஒட்டியிருந்தார். ஈரக் களிமண்ணில் ஊசிமுனையால் ஒட்டி, நிழலில் நாள்கணக்கில் காயவிட்டுத்தான் சூளையில் வைக்கிறார். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் விரிசல்தானாம். வந்த பெண் ஒருத்தி, "தி.நகர்ல இதே 80 ரூபா" என்றாள். அக்கா சிரித்தபடி, "அது அச்சுல வார்த்தது கண்ணு, தடவிப் பாரு" என்று கையில் கொடுத்தார். அவள் தடவிப் பார்த்தாள். வாங்கவில்லை.

எதிர் வரிசையில் 'கைவினை' என்று எழுதிய பெரிய ஸ்டாலில் அச்சுப் போட்ட படுக்கை விரிப்புகள். எங்கே அச்சுப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். ஜெய்ப்பூரிலிருந்து பேல் பேலாக வருகிறதாம். அந்தப் பையன் ஒளிக்காமல் சொன்னான். வாங்கி விற்பது பாவமில்லை. அதற்கு வேறு பலகை வைக்கலாமே என்று நடத்துகிறவரிடம் சொன்னபோது, "அவங்க மூணு ஸ்டால் எடுத்திருக்காங்க மேடம்" என்றார். சரி, புரிந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாலை நாலு மணிக்குப் பாய் வந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் பேத்தி. நோட்டை எடுத்தவர் அட்டையைப் பார்க்கவில்லை. நேரே முதுகைத் திருப்பி, கட்டைவிரலால் அழுத்தி, நடுப் பாரத்தைத் திறந்து தையலைப் பார்த்தார். "இழுப்பு கரெக்டா இருக்கும்மா." அப்புறம் விலைச்சீட்டைப் பார்த்தார். "அறுநூத்தம்பதா!" பிரஸ்காரர்கள் அவருக்கு ஒரு புத்தகத்துக்குக் கொடுப்பது சில ரூபாய்கள். அவரும் கையால்தான் செய்கிறார். அவரை யாரும் டிசைனர் என்று அழைத்து மேசை போட்டுக் கொடுப்பதில்லை. என் மேசையிலிருந்த நோட்டுகளின் விளிம்பெல்லாம் அவர் கட்டிங் மெஷினில் வெட்டியவை. பேத்தி மூன்று புக்மார்க் எடுத்துக்கொண்டாள். காசு கொடுத்தே தீருவேன் என்று பாய் அடம்பிடித்தார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நோட்டு 14. புக்மார்க் 180க்கு மேல். வாடகையைக் காப்பாற்றியது புக்மார்க்தான்.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, ஓவியம் விற்ற காசில் வாழவில்லை. மெழுகு பூசிச் சாயமிடும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். அதில் வயிற்றைக் கழுவிக்கொண்டு மீதி நேரத்தில் வரைந்தார்கள். அவர்களுக்கு பாத்திக், எனக்கு புக்மார்க். ஒரு வித்தியாசம்: அவர்கள் சொந்த மண்ணில் கடை போட்டார்கள், தினசரி வாடகை இல்லை.

ஞாயிறு மாலை ஒரு மாமா நோட்டுகளைப் புரட்டிவிட்டு, "மொய் நோட்டு கட்டித் தருவியாம்மா?" என்று கேட்டிருந்தார். அடுத்த மாதம் மகள் கல்யாணம். இன்று போன் செய்து உறுதி செய்தார். இரண்டு குயர், நீளவாக்கு, சிவப்புத் துணி அட்டை. பக்கத்துக்கு மூன்று கட்டம்: ஊர், பெயர், தொகை. பெயர்க் கட்டம் அகலமாக வேண்டுமாம். அவர்கள் பக்கம் அப்பா பெயர், வீட்டுப் பெயர் எல்லாம் எழுதுவார்களாம். கோடு போடும் வேலையும் பக்க எண் அடிக்கும் மெஷினும் பாயிடம்தான் இருக்கின்றன. நாளை விநாயகர் சதுர்த்தி, வியாழக்கிழமை போக வேண்டும். 1,800 ரூபாய் சொன்னேன். மாமா பேரம் பேசவில்லை. பாய்க்கு அதில் 700 என்று முடிவு. 500 போதும் என்பார், கேட்கப் போவதில்லை.